டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

முப்பது வருஷத்துக்கும் மேலாக என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். மல்லாபூரில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ட்ரே ட்ரேயாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கேஜ் வைத்து அளவு பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டிக், சரிக்கட்ட முடியும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. ஒன்றுக்குச் சில நொடிகளுக்கு மேல் நான் எடுத்துக்கொண்டதில்லை. சிவப்புப் பென்சில் சட்டைப் பையிலேயே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது சொல்லும்போது நாக்கு கூசுகிறது.

என் அப்பா அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத்துக்கு, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். என் மனைவி சேலத்துக்காரி. மௌலா அலி மலை அடிவாரத்தில் இரண்டு படுக்கையறை வீடு. மகள் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். காலையில் எழுந்தால் நான் பேப்பரை நின்றபடி படிப்பேன், இட்லியை நின்றபடி விழுங்குவேன், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே காபியைக் குடிப்பேன். “ஏம்மா, ஆச்சா?” என்பதுதான் அத்தனை வருஷமும் காலையில் நான் அவளிடம் பேசிய பேச்சு.

ஒரு நாள் காலை அந்தக் காபியைக் குடிக்கும்போதே நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவது போல் இருந்தது. வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அவள்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். என்னைத் தாங்கி ஏற்றி, செகந்திராபாத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது என் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. இன்னொன்று ஆட்டோவிலோ ரோட்டிலோ விழுந்திருக்க வேண்டும். அந்த நிலைமையிலும் “செருப்பு, செருப்பு” என்று நான் முனகினேனாம். இதை மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டென்ட் வைத்து ஐந்து நாளில் அனுப்பினார்கள். வயதில் என்னைவிடச் சின்னவரான டாக்டர், “உங்க பிளட் ரிப்போர்ட்டைவிட உங்க அவசரம்தான் எனக்கு பயமா இருக்கு. ஆறு வாரம் வீட்ல இருங்க. எதையும் வேகமா செய்யாதீங்க” என்றார்.

ஆறு வாரம் வீட்டில் சும்மா இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது நாளே ஒரு நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். வருஷா வருஷம் அவளுடைய தம்பி சேலத்துக் கடை ஒன்றில் வாங்கி, ரயிலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். திதி, ராகு காலம், ராசிபலன் எல்லாம் போட்டிருக்கும். என் மனைவி காலையில் ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினாள். முந்தின நாள் தாளைக் கிழித்தாள். கசக்கிப் போடுவாள் என்று பார்த்தால், மேடையில் குப்புறப் போட்டு, பின்பக்க வெள்ளையில் பால்பாயிண்ட் பேனாவால் என்னவோ போட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். குக்கர் காஸ்கெட். ஆணியில் மாட்டியிருந்ததைப் பார்த்துப் பார்த்து, அது ஒரு பக்கம் தொய்ந்திருந்தது உட்பட, அப்படியே வரைந்துகொண்டிருந்தாள். டிகாக்‌ஷன் இறங்கி முடித்ததும் பேனாவை மூடினாள். படம் முடிந்ததா என்று பார்க்கவில்லை. தாளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தாள்.

“என்னாது இது?”

“ஒண்ணுமில்லீங்க. டிகாக்‌ஷன் இறங்குற வரைக்கும் சும்மா நிக்கணுமே. எது கண்ணுல படுதோ அதை ஒண்ணு போடுவேன்.”

“எத்தனை நாளா?”

“பாப்பா பெங்களூர் போனதுல இருந்து. மூணு வருஷம் இருக்குமா?”

மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் நான் இரண்டடி தள்ளி நின்று “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் பாதி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் என்று பேர் வாங்கியவன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது லேசான வெட்கம். அதைவிடப் பெரியது பின்னால் இருக்கிறது.

மறுநாள் எனக்கும் ஒரு தாள் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அன்று காலண்டரிலிருந்து எடுத்த தாளைக் குறுக்கே கிழித்துப் பாதியைக் கொடுத்தாள். கத்தரிக்காய் போட்டேன். பார்த்தால் காலுறை மாதிரி இருந்தது. ஸ்கேல் தேடினேன். “கத்தரிக்காய்க்கு எதுக்குங்க ஸ்கேலு” என்றாள். அவள் அதிகம் சொல்லித் தருகிற ஆள் இல்லை. தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று காம்பையே பார்த்தேன். காம்பின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதில் ஒரு சின்ன முள் இருந்தது. இத்தனை வருஷம் தின்ற கத்தரிக்காயில் முள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஃபில்டரின் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டு விழுகிற சத்தம்கூடக் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ரயில் போயிற்று. யாருக்கும் எதற்கும் அவசரம் இருக்கவில்லை.

அந்த நாலைந்து வாரம் போல் என் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் வேறு இல்லை. பொய் சொல்லவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே இன்றைக்கு என்ன போடலாம் என்று மனசு துள்ளும். இடுக்கி, நசுங்கிய சொம்பு, பாதி தேய்ந்த தேங்காய் நார். “உங்க சொம்பு இன்னிக்கு நல்லா நிக்குதுங்க” என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அன்று முழுக்க நான் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னேன். அவள் எங்களோடு தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். “சூப்பர் டாடி, அம்மாவை டிஸ்டர்ப் செய்யகு” என்றாள். அம்மாவைத் தொந்தரவு செய்யாதே என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். காதில் வாங்கினால்தானே.

ஆறாவது வாரம் தம்பி மகளுக்குச் சடங்கு என்று அவள் நாலு நாள் சேலம் போனாள். “டப்பால எல்லாம் இருக்கு, பொழுது போகலைன்னா எடுத்துப் பாருங்க” என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். எடுத்துப் பார்க்கத்தான் சொன்னாள்.

டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தேன். தாள்கள் குவிந்தன. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். சில படங்கள் அசத்தலாக இருந்தன. எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்லதாகப் பன்னிரண்டு படம் பொறுக்கி, செகந்திராபாத்தில் அச்சடிக்கிற கடையில் கொடுத்து, மாசக் காலண்டராகப் போட்டு அவள் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுக்கலாம். அவள் பெயர் போட்டு. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

கை பரபரத்தது. ஆறு வாரமாகப் பட்டினி கிடந்த கை அது. கட்டிலில் மூன்று குவியல் போட்டேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு தாளையும் படப் பக்கம் மட்டும் பார்த்து ஓரத்தில் குறித்தேன். ‘கோணல்.’ ‘கைப்பிடி இல்லை.’ ‘நிழல் தப்பு.’ ‘முடியவில்லை.’ ஒன்றில் ஒரே ஒரு செருப்பு இருந்தது. வார் பிய்ந்து, குதிகால் தேய்ந்து. அதன் ஓரத்தில் ‘ஜோடி இல்லை’ என்று எழுதி மூன்றாவது குவியலில் போட்டேன். ஒரு தாளுக்குச் சில நொடிகளுக்கு மேல் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். அன்று எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மூன்றாவது குவியல்தான் பெரியது. அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார், எடுத்துக்கொண்டு போனார்.

அவள் திங்கட்கிழமை காலை வந்தாள். பையைக்கூட வைக்க விடவில்லை நான். அச்சடித்து வாங்கி வைத்திருந்த காலண்டரைக் கையில் கொடுத்தேன். பளபளவென்ற தாள், ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு படம், அட்டையில் அவள் பெயர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு கைகால் கழுவிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“மீதியெல்லாம் எங்கீங்க?”

நான் விளக்கினேன். தரம் பிரித்ததை, குறித்ததை, வேண்டாததைக் கழித்ததை. நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, சூப்பர்வைசருக்கு ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி விளக்கினேன். அவள் டப்பாவில் மிச்சமிருந்த கொஞ்சம் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, முன்பக்கத் தேதியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஒரு தாளைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒத்தைச் செருப்பு ஒண்ணு இருந்துச்சே?”

“அது பாதியில நிக்குதும்மா. இன்னொண்ண நீ போடவே இல்ல.”

அவள் டப்பாவை மூடினாள். ஃபில்டரை எடுத்துக் கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டியபடிதான் சொன்னாள். “உங்களை ஐ.சி.யூ-ல விட்டுட்டு மறுநாள் கஞ்சி வெக்க வீட்டுக்கு வந்தேன்ல. நர்ஸ் உங்க செருப்பை ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருந்தாங்க. ஒண்ணுதான் இருந்துச்சு. கஞ்சி வேகுற வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. அதைத் தரையில வெச்சுப் போட்டேன். போட்டு முடிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன். என் செருப்பு. நான் பிழைப்பேனா மாட்டேனா என்று தெரியாத காலையில் அவள் போட்டது. அதற்கு நான் குறை எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், சிவப்பில்.

சட்டையை மாட்டிக்கொண்டு பழைய பேப்பர் கோடவுனுக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லை. மல்லாபூர் போகிற ரோட்டில்தான் அது இருக்கிறது, தினமும் வேலைக்குப் போகையில் தாண்டிப் போகிற இடம். கட்டுக் கட்டாகப் பேப்பர் அடுக்கியிருந்தது. எங்கள் கட்டு இல்லை. முதலாளி ஒரு வயசான பாய். லாரி காலையிலேயே போய்விட்டது என்றார். “கைக்கு டூண்ட்ரே சாப்? காம் கா காகஸ் தா க்யா?” எதற்குத் தேடுகிறீர்கள், தேவையான காகிதமா என்று கேட்கிறார். “ஹவ்”, ஆமாம் என்றேன். அவர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறார். முக்கியமான காகிதம் என்று தெரிந்தவன் ஏன் போட்டான் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றினாள். தாளைக் கிழித்தாள். கசக்கிக் குப்பையில் போட்டாள். டிகாக்‌ஷன் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேசுவதில், சமைப்பதில், மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. அது மட்டும் இல்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு காலை, கிழித்த தாளைக் குப்பைக்குப் போகும் முன் வாங்கி, நீவிவிட்டு, பேனாவோடு அவள் முன்னால் வைத்தேன். “ஏதாவது போடேம்மா.”

“எதுக்குங்க? செக் பண்ணவா?”

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்பது மாதிரிதான் கேட்டாள். நான் அங்கிருந்து நகர்ந்து, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றேன். சிவப்புப் பென்சிலை அன்றைக்குத்தான் பையிலிருந்து எடுத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

மகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “எந்துக்கு டாடி?” என்றாள். ஏன் என்று கேட்கிறாள். அந்தச் செருப்பை நானே வரைந்து கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வலது காலா இடது காலா என்பதே எனக்கு நினைவில்லை. அவளிடம் கேட்க வாய் வரவில்லை. செருப்பு எங்கே என்று தேடவும் தைரியம் இல்லை.

நான் மட்டும் தினம் ஒன்று போட்டு வந்தேன். அவள் காபி கலந்து கொடுத்துவிட்டு வெளியே போன பிறகு, ஆறிப்போன ஃபில்டரைப் பார்த்து, சொம்பைப் பார்த்து. அதில் முன்பிருந்த துள்ளல் இல்லை. ஆனாலும் கை மெதுவாகப் போகப் பழகிக்கொண்டது. போட்டதைச் சரி தப்பு பார்க்காமல் மடித்து வைக்கவும் பழகினேன். அதுவே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. வேலைக்குத் திரும்பி, அங்கே பழையபடி குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். வால்வுக்கு அது தேவை. வேறு எதற்கும் தேவையில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழித்துவிட்டேன். செருப்பில்லாமல் ஹாலைத் தாண்டிப் போனதால் சத்தம் கேட்கவில்லை போலும். சமையலறையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்காகச் சப்பாத்தி தேய்க்க, கறுப்பு கிரானைட் மேடையில் கோதுமை மாவைத் தூவி வைத்திருந்தாள். அவள் தலை குனிந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மாவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நின்றது. ஜன்னலில் எதையோ பார்த்தது அவள் கண். மறுபடி விரல் போனது. முகம், அந்த முதல் நாள் காஸ்கெட் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

என் நிழல் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்தாள். பார்த்தது நான் என்றதும் கை தானாகப் பக்கத்துத் துணியை எடுத்து மேடையை ஒரு வழி வழித்தது. “இருங்க, காபி இப்ப ஆயிடும்” என்றாள். குழந்தையை ஒளித்து வைக்கிற மாதிரி அவள் அதை என்னிடமிருந்து மறைத்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளை என்னைக் கண்டால் துணியை எடுக்கிறவளாக நான் ஆக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் சமையலறைக்குப் போகும் முன் ஹாலிலேயே நின்று இருமுகிறேன். அவசரமில்லாமல் இருமுகிறேன். ஒரு இருமல், கொஞ்ச நேரம், இன்னொரு இருமல். அவள் முடிக்க வேண்டியதை முடித்துத் துடைக்கிற வரைக்கும். துணி போகும் சத்தம் கேட்டதும் உள்ளே போவேன். எனக்குச் சளி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கஷாயம் வைத்துத் தரட்டுமா என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு நாள் அவள் அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. மேடையின் ஓரத்தில், சுவரை ஒட்டி, மாவில் ஒரு வளைவு மிச்சம் இருந்தது. கண் அங்கேதான் போயிற்று, முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும். சொம்பின் வாயாக இருக்கலாம். ஜன்னலில் வந்து உட்காரும் புறாவின் முதுகாக இருக்கலாம். ஒரு செருப்பின் குதிகாலாகவும் இருக்கலாம். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, முழுதாக ஆறுகிற வரைக்கும் அந்தக் காபியைக் குடித்தேன். பின்னால் அவள் துடைக்கும் சத்தம் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.